விளையாட்டிலும் உண்டு கைப்பக்குவம்

சென்ற இதழில் மாவு சலிக்கும் சல்லடையைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தேன் அல்லவா? இந்தத் தடவை சமையலறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். கூடத்தில் டி.வி.க்கு எதிரே பாயில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். விஷயம், வீடியோ கேம். "ஆமாம், குழந்தைகள் கெட்டுப் போகிறார்கள் என்று ஒரு மூச்சு எழுதப் போகிறாள்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. நானே விளையாடுகிறேன். 44 வயசில்!

என் தம்பி துபாயில் இருக்கிறான். புதிசாக ஒன்று வாங்கிக்கொண்டதும் பழைய பிளே ஸ்டேஷன் 4 பெட்டியை இரண்டு கன்ட்ரோலரோடு கொண்டுவந்து, "அக்கா, பசங்க விளையாடட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போனான். பெரியவள் காலேஜில் இரண்டாம் வருஷம். சின்னவன் எட்டாவது. பரீட்சை இல்லாத நாட்களில் சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று என்னவர் சட்டம் போட்டார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். அந்த ஒரு மணி நேரத்தில் கால் மணி நேரம் இரண்டும் விளையாடுவதே இல்லை! புது ஆட்டம் ஒன்றைப் போட்டால் போதும், 'செட்டிங்ஸ்' என்ற பக்கத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடும். குச்சியை மேலே தள்ளினால் கீழே பார்க்கும்படி தலைகீழாக மாற்றுவாள் பெரியவள். சின்னவனோ பின்னணிப் பாட்டை நிறுத்திவிட்டு காலடிச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொள்வான். கன்ட்ரோலர் கையில் அதிரக் கூடாது. எழுத்து பெரிசாக இருக்க வேண்டும். ஆட்கள் பேசுவதெல்லாம் கீழே எழுத்தில் ஓட வேண்டும். வெளிச்சம் கொஞ்சம் கூட்டி, அப்புறம் அதில் பாதி குறைத்து...

"இலையைப் போட்டுட்டு அரை மணி நேரமா இலையையே துடைச்சிக்கிட்டிருக்கீங்களே, எப்பத்தான் சாப்பிடப் போறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"இதெல்லாம் சரியா இல்லேன்னா ஆட்டம் ஆட்டமாவே இருக்காதும்மா" என்றான் சின்னவன், தலையைத் திருப்பாமலே.

ஊஞ்சலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார், "அவன் சொல்றது வாஸ்தவந்தானே" என்றார். மாமியார் சொன்னால் அதில் காரணம் இருக்கும். எங்கள் வீட்டில் தாயம் விளையாடுவதென்றால் அவருடைய பித்தளைத் தாயக்கட்டையைப் பாய் மேல் உருட்டக் கூடாது. வெறும் சிமென்ட் தரையில், கணீரென்று சத்தம் வர உருட்ட வேண்டும். சத்தம் வராவிட்டால் விழுந்த எண் செல்லாது என்று வாதாடுவார். என் பாட்டியும் இப்படித்தான். பல்லாங்குழிக்குச் சோழிதான் வேண்டும். புளியங்கொட்டையைப் போட்டால், "இது கையிலே வழவழன்னு போவுது, எண்ணிக்கையே மனசுல நிக்க மாட்டேங்குது" என்று எழுந்து போய்விடுவாள். அப்போதெல்லாம் சிரித்த நான், இப்போது பிள்ளைகளைப் பார்த்து எரிந்து விழுகிறேனே என்று தோன்றியது.

சரி, இந்தத் தலைகீழ்க் குச்சி சமாசாரம் என்ன என்று பெரியவளிடம் கேட்டேன். கேட்டது தப்பு. அப்பாவுக்கும் பெண்ணுக்கும் அரை மணி வாக்குவாதம். "மேலே தள்ளினா மேலே பார்க்கணும். இது குழந்தைக்குக்கூடத் தெரியும்" என்பது அவர் கட்சி. "ஒரு ஆளோட பின்னந்தலையில கையை வெச்சு முன்னாலே தள்ளுங்கப்பா. அவன் கீழேதானே பார்ப்பான்? பின்னாலே இழுத்தா மேலே பார்ப்பான்" என்பது அவள் கட்சி. விமானம் ஓட்டுகிறவர் தடியைத் தன் பக்கம் இழுத்தால்தான் விமானத்தின் மூக்கு மேலே எழும்புமாம். 1982-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி விமானம் ஓட்டும் ஆட்டம் ஒன்றை விற்க ஆரம்பித்த காலத்திலிருந்தே இந்த வழக்கத்தில் கை பழகியவர்கள் உண்டு. இவள் சின்ன வயசில் மாமாவின் கம்ப்யூட்டரில் முதன்முதலில் விளையாடியதும் ஒரு விமான ஆட்டம்தான். கை அப்போது கற்றுக்கொண்டதை இப்போதும் விட மாட்டேன் என்கிறது. இடது கையால் கோலம் போடுகிறவளை வலது கையால் போடு என்றால் வருமா?

இன்னொரு வேடிக்கையும் சொன்னாள். இந்தக் கன்ட்ரோலரில் வட்டம், பெருக்கல் குறி, சதுரம், முக்கோணம் என்று நாலு பொத்தான் இருக்கும். ஜப்பானில் வட்டம் போட்டால் 'சரி', பெருக்கல் போட்டால் 'தப்பு'. அதனால் ஜப்பானியருக்கு வட்டம்தான் 'ஆகட்டும்' பொத்தான். அமெரிக்காவில் நேர்மாறு. வருஷக்கணக்காக இரண்டு தேசத்துக்கும் இரண்டு விதமாக இருந்ததை, 2020-ல் பிளே ஸ்டேஷன் 5 வந்தபோது ஜப்பானிலும் பெருக்கல் குறிதான் 'ஆகட்டும்' என்று மாற்றிவிட்டார்களாம். அங்கேயுள்ளவர்களின் கட்டைவிரல் எத்தனை நாள் திண்டாடியிருக்கும் பாருங்கள்! நம் வீட்டு காஸ் அடுப்பின் குமிழைத் திருப்பும் திசையை ஒரு நாள் யாரோ மாற்றிவிட்ட மாதிரி.

நான் ஆட வந்த கதைக்கு வருகிறேன். ஒரு மழை நாள், கரண்ட் இருந்தது, வேலை இல்லை. "வாம்மா, உனக்கும் ஒரு கன்ட்ரோலர் இருக்கு" என்று சின்னவன் இழுத்து உட்கார வைத்தான். மைன்கிராஃப்ட் என்ற ஆட்டம். 2011-ல் ஸ்வீடன் தேசத்தில் முழுசாக வெளிவந்தது. எல்லாமே சதுரக் கட்டியால் ஆன உலகம். மரம் சதுரம், மாடு சதுரம், சூரியன்கூடச் சதுரம்! நிலத்தைக் கொத்தி, கல்லை உடைத்து, வீடு கட்டிக்கொள்ளலாம். இருவரும் சேர்ந்து ஆடினால் டி.வி. திரை இரண்டாகப் பிரிந்துகொள்ளும்.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. தலை சுற்றி, வயிற்றைப் புரட்டி, எழுந்து போய்ப் படுத்துவிட்டேன். எனக்குப் பஸ்ஸில் புத்தகம் படித்தாலே ஆகாது. கொல்லிமலைக்கு ஒரு தடவை போனோம். 70 கொண்டை ஊசி வளைவு. நான் பட்ட பாடு என்னவருக்குத்தான் தெரியும். அங்கே உடம்பு ஆடுகிறது, புத்தகத்தில் இருக்கும் கண்ணுக்கு அது தெரிவதில்லை. இங்கே அதன் மறுபக்கம். கண் 'நடக்கிறேன், ஓடுகிறேன்' என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'பாயில் உட்கார்ந்திருக்கிறாய்' என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் மூளைக்குக் குழப்பம், நமக்கு மயக்கம். இஞ்சி மொரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டும் உட்கார்ந்து பார்த்தேன். பிரயோசனமில்லை.

சின்னவன்தான் அந்தச் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தான். நடக்கும்போது தலை மேலும் கீழும் ஆடுகிற மாதிரி காட்டும் ஓர் ஏற்பாடு அதில் இருக்கிறது. அதை நிறுத்தினான். பார்வையின் அகலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, "இப்போ? இப்போ?" என்று கண் டாக்டர் கண்ணாடி மாற்றுவது போலக் கேட்டுக்கொண்டே வந்தான். ஓர் இடத்தில், "ஆங், இது" என்றேன். பெரியவளுக்கு அதே அகலம் மீன் தொட்டி வழியாகப் பார்ப்பது போல இருக்கிறதாம்! பாயைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டு, கூடத்து விளக்கைப் போட்டு, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டும் என்றும் சொன்னான். கேலி செய்த அதே செட்டிங்ஸ்தான் என்னைத் தூக்கி உட்கார வைத்தது. உங்களில் யாருக்காவது பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்தாலே குமட்டுகிறதென்றால், இந்த இரண்டையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் குமட்டினால் விட்டுவிடுங்கள். வீம்புக்கு உட்காராதீர்கள்.

அப்புறம் எனக்கென்று ஆசைகள் கிளம்பின. பேய் பிசாசு வேண்டாம் என்றேன். அதற்கும் ஒரு பொத்தான்! 'அமைதி' என்று வைத்துவிட்டால் துஷ்டப் பிராணி ஒன்றும் வராது. அதோடு பசியும் எடுக்காது. பசியே எடுக்காத ஊர், சகோதரிகளே! மூணு வேளைச் சமையல் இல்லாத ஊரில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பயிர் வைத்தேன். கோதுமை, காரட், உருளை. தண்ணீரிலிருந்து நாலு கட்டத்துக்குள் இருந்தால்தான் மண் ஈரமாக நிற்கும். கரும்பு தண்ணீர் ஓரத்தில்தான் வளரும். கோழி முட்டையிடும். "வீட்டுலேயும் வேலை, விளையாட்டுலேயும் வேலையா?" என்று என்னவர் சிரித்தார். இந்த வேலையில் 'உப்பு கம்மி' என்று சொல்ல ஆள் இல்லையே!

சின்னவனின் பிடிவாதம் ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பொருள்களைப் போட்டு வைக்கப் பெட்டிகள் உண்டு. பெட்டிக்குப் பெட்டி ஒரு பலகை மாட்டி, என்ன பொருள் என்று எழுதி வைப்பான். ஒரு பெட்டிக்குள் ஒரே ஜாதிப் பொருள்தான் இருக்க வேண்டும். நான் அவசரத்தில் மாற்றிப் போட்டால் அழாத குறை. என் அழகான வீட்டுச் சுவர் முழுக்க ரேஷன் கடை மாதிரி பலகை. ஒரு மத்தியானம், அவன் ஸ்கூலுக்குப் போனபிறகு, எல்லாப் பலகைகளையும் பிடுங்கிப் போட்டுவிட்டேன். பொருள்களை என் சௌகரியப்படி இரண்டே பெட்டியில் அடைத்தேன். சுவர் பளிச்சென்று ஆனது. எனக்குத் திருப்தி.

அன்று சாயங்காலம் வாசலுக்குக் கோலம் போட நினைத்தேன். கட்ட உலகத்தில் வளைவு வராது. ஆகவே கட்டக் கோலம். வெள்ளைக் கம்பளம் விரித்தால் கோலம், சுற்றிலும் சிவப்புக் கம்பளம் விரித்தால் காவி. சிவப்புச் சாயத்துக்குப் பாப்பி என்கிற சிவப்புப் பூவைப் பறிக்க வேண்டும். "அதோ அந்தப் புல்லுல நிறைய இருக்குடா, பறிச்சிட்டு வா" என்றேன். அவன் பாட்டுக்குப் பூவை மிதித்துக்கொண்டு தாண்டிப் போகிறான்!

"கண்ணு பிடரியிலயா இருக்கு? காலடியில இருக்குடா!"

"எங்கேம்மா? எங்கே?"

கடைசியில் நானே பறித்தேன். சாயம் போட்டு, கம்பளம் செய்து, பெட்டியில் வைத்தேன். நான் வெள்ளையை விரித்துக்கொண்டே வர, "நீ சிவப்பை எடுத்து ஓரம் கட்டு" என்று அவனிடம் விட்டேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், காவி ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கரும்பச்சை, மூலையில் மண் நிறம். அந்தப் பச்சையும் மண் நிறமும் பெரியவள் எப்போதோ செய்து வைத்திருந்த கம்பளங்கள். பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வேண்டுமென்றே வம்பு பண்ணியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

அவன் சிரிக்கவில்லை. முகம் சிவந்து, "எல்லாம் ஒண்ணுதானே! பலகையை ஏன் எடுத்தே? பேரே தெரியலே, எழுத்து இத்துனூண்டு இருக்கு!" என்று கன்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

எல்லாம் ஒண்ணுதானே என்றானே, அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு பொருளின் மேல் போய் நின்றால் அதன் பெயர் எழுத்தில் வரும். இத்தனை நாளும் அவன் நிறத்தைப் பார்த்து எடுக்கவில்லை, பெயரைப் படித்து எடுத்திருக்கிறான். திரை இரண்டாகப் பிரிந்ததில் எழுத்து பொடிப்பொடியாகிவிட்டது. நானோ பலகையையும் பிடுங்கிவிட்டேன். எழுத்து பெரிசாக வேண்டும் என்று அவன் மாய்ந்து மாய்ந்து கேட்டது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் அப்பா நினைவுக்கு வந்தார். காந்தி மார்க்கெட்டில் தக்காளி வாங்கினால் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். கடைக்காரர் சத்தம் போடுவார். "அமுக்காம வாங்குங்களேன்ப்பா, வெக்கமா இருக்கு" என்று நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! வேஷ்டி சட்டையைத் தவிர வேறு துணி அவர் தானாக வாங்கியதே இல்லை. காலையில் அம்மாவுக்குப் போன் போட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அம்மா சொன்னாள்: "உங்கப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாதுடி. யார்கிட்டேயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார்."

கண் டாக்டர் ஒரு புத்தகத்தைக் காட்டினார். பக்கம் முழுக்க நிறநிறமாகப் புள்ளிகள், நடுவில் ஒளிந்திருக்கும் எண். 1917-ல் ஜப்பானிய டாக்டர் இஷிஹாரா வெளியிட்டது. உலகம் முழுக்க இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. எனக்குப் பட்டுப் பட்டென்று தெரிந்த எண்கள் என் பிள்ளைக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டாக்டர் நிதானமாக விளக்கினார். கண்ணுக்குள்ளே நிறம் பார்க்க மூன்று வகை அணுக்கள் உண்டு. அவற்றில் ஒன்று இல்லாவிட்டாலோ, மாறுபட்டு வேலை செய்தாலோ சிவப்பும் பச்சையும் மண் நிறமும் ஒன்றோடொன்று குழம்பும். நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். பார்வை கூர்மை குறையாது. வயசாக ஆகக் கூடுவதுமில்லை. இதைக் குணமாக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பலகையைக் காட்டிச் செய்யும் சோதனையில் இது அகப்படாது. ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் சுமார் 12 பேருக்கு ஒருவருக்கு இது இருக்கிறதாம், பெண்களில் சுமார் 200 பேருக்கு ஒருவருக்குத்தான். நம் தேசத்தில் அதைவிடக் குறைவு என்றாலும், பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் சில பையன்களாவது இருப்பார்கள்.

பையன்களுக்கே ஏன் என்று கேட்டேன். எக்ஸ் என்ற குரோமோசோமில் வருகிற குறை இது. ஆணுக்கு அது ஒன்றுதான், அம்மாவிடமிருந்து வருவது. பெண்ணுக்கு இரண்டு. ஒன்றில் குறையிருந்தாலும் மற்றது ஈடுகட்டிவிடும். என் அப்பாவிடமிருந்து அது எனக்கு வந்தே தீரும். என்னிடமிருந்து என் பிள்ளைக்கு வருவது பாதிக்குப் பாதி. என் தம்பிக்கு அப்பாவிடமிருந்து இது போயிருக்க வழியே இல்லை. பெரியவளும் இதைச் சுமந்துகொண்டிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதுவும் பாதிக்குப் பாதி.

ஆக, என் வழியாகத்தான். ஆட்டோவில் வரும்போது என்னவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் மூக்கும் உங்க அப்பா மூக்குதான். அதுக்கு அழுதியா?" என்றார். அழுகை நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீடு இருப்பது திருச்சி பொன்மலையில். ரயில்வே பணிமனைச் சங்கு ஊதிக் கடிகாரம் சரி பார்க்கிற ஊர். மாமனார் அங்கே வேலை பார்த்தவர். சின்னவன் நாலு வயசிலிருந்து சொல்வது ஒன்றுதான், எஞ்சின் ஓட்டுவேன் என்று. ரயில் எஞ்சின் ஓட்டுகிறவருக்கு நிறம் பிரித்துப் பார்க்கும் கண் கட்டாயம் வேண்டும். வேலைக்கு எடுக்கும்போதே சோதிப்பார்கள். அது நியாயந்தான், பின்னால் ஆயிரம் உயிர் வருகிறதே. ஆனால் 13 வயசுப் பிள்ளையிடம் அந்த நியாயத்தை யார் சொல்வது? அவர்தான் சொன்னார், மொட்டை மாடியில் வைத்து. இரண்டு நாள் அவன் யாரிடமும் பேசவில்லை. பெட்டியையும் தொடவில்லை.

மூன்றாம் நாள் பெரியவள் எதையோ படித்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். 1875-ல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் ஒரு ரயில் விபத்து. அதற்குப் பிறகு ஹோம்கிரென் என்ற பேராசிரியர் ரயில் ஊழியர்களின் நிறப் பார்வையைச் சோதிக்க ஆரம்பித்தார். எதை வைத்து? சாயம் போட்ட கம்பளி நூல் சிட்டங்களை வைத்து! "இதே மாதிரி நிறத்தையெல்லாம் பொறுக்கு" என்று கொடுப்பாராம். "அம்மா உனக்கு வெச்ச பரீட்சையும் அதேதான்டா, கம்பளி" என்றாள். அவன் முதல் தடவையாகச் சிரித்தான்.

கதவுகள் திறந்தும் வருகின்றன. 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்தி, லேசான, நடுத்தரமான நிறக்குறை உள்ளவர்களும் வாகன லைசென்ஸ் வாங்கலாம் என்றது. 2022-ல் புனே திரைப்படக் கல்லூரிப் படிப்பு எதற்கும் இந்தக் குறை ஒரு தடையாகக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. இவனுக்கு எது என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓட்டத்தானே முடியாது, எஞ்சின் செய்யலாமே என்று மாமியார் சொல்லிப் பார்த்தார். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

நான் பின்னோக்கி யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். போனில் கேண்டி கிரஷ் என்ற மிட்டாய் ஆட்டத்தில் இவனை யாரும் ஜெயிக்க முடியாது. அதனால்தான் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. இப்போது கவனித்தால், அதில் ஒவ்வொரு நிற மிட்டாயும் வேறு வேறு வடிவம். நிறமே தெரியாவிட்டாலும் ஆடலாம். 1989-ல் கேம்பாய் என்ற கையடக்கப் பெட்டியில் டெட்ரிஸ் ஆட்டம் வந்தபோது அதன் திரையில் நிறமே கிடையாது. வடிவத்தை வைத்தே உலகம் முழுக்க ஆடித் தீர்த்தார்கள். நல்ல ஆட்டம் செய்கிறவர்கள் இதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறார்கள். 2020-ல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில் கண், காது, கை குறைபாடு உள்ளவர்களுக்காக மட்டும் 60-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் வைத்திருக்கிறார்களாம். (அது பெரியவர்களுக்கான ஆட்டம். ரத்தம் அதிகம். எங்கள் வீட்டுக்குள் வரவில்லை.) ஆனால் இந்த லூடோ இருக்கிறதே, காய் நாலும் ஒரே அச்சு. நிறம் ஒன்றே அடையாளம். இவன் நீலக் காய் கிடைக்காவிட்டால் மஞ்சள் கேட்பான், அதுவும் இல்லையென்றால் ஆடவே மாட்டான். மாமியாருக்கும் நீலம்தான் வேண்டும், கிருஷ்ணர் நிறமென்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே சண்டை. "ஒரு கலர்ல என்னடா இருக்கு, பாட்டிக்கு விட்டுக் கொடு" என்று நான் அதட்டியது எத்தனை வாரம்!

சின்னக் குழந்தைகள் வைத்திருக்கும் தாய்மார்கள் கொஞ்சம் கவனியுங்கள். இலைக்கு மண் நிறம் தீட்டுகிறானா, செடியில் பழுத்த பழத்தைத் தேடுகிறானா, கலர் பென்சிலில் பெயர் எழுதிய காகிதத்தைக் கிழிய விடாமல் காப்பாற்றுகிறானா? உங்கள் அப்பாவுக்கோ சகோதரருக்கோ இது உண்டென்றால், டாக்டரிடம் 'நிறப் பார்வை' என்று வாய் விட்டுக் கேட்டுச் சோதியுங்கள். நாலைந்து வயசிலேயே பார்த்துவிடலாம். எனக்கு 13 வருஷம் ஆயிற்று.

பலகைகளை நானே திரும்ப மாட்டினேன். தமிழில் எழுத வரவில்லை, ஆகவே 'சிவப்பு', 'பச்சை' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை என்று அவன் திருத்தினான். என் தையல் நூல் டப்பாவிலும் சீட்டு ஒட்டியாகிவிட்டது. வாசல் கோலத்தின் பச்சைக் காவியை மாற்றட்டுமா என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை லூடோ அட்டையை விரித்தோம். வழக்கம் போல மாமியார்தான் முதலில் கையை நீட்டி நீலக் காயை எடுத்தார். எடுத்தவர் பேரன் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நாலு காயையும் அவன் பக்கம் நகர்த்திவிட்டுச் சிவப்பை எடுத்துக்கொண்டார்.

"எனக்கு எந்தக் கலரானா என்ன? ஆனா பகடையைப் பாய் மேல மட்டும் உருட்டக் கூடாது, சொல்லிட்டேன்!"